யாழ்ப்பாணத்தில் அசல் மெனுவல் கார் தேடுகிறவர்களுக்கு

பழைய மெனுவல் காருக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை என்று சொல்வார்கள். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் இன்றைக்கும் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன, அவை அநேகமாக எல்லாமே மெனுவல்தான். தட்டுப்பாடு அதற்கு அடுத்த தலைமுறையில் வருகிறது. 1990களில் ஜப்பானில் செய்து, அங்கே சில வருடம் ஓடி, பிறகு இலங்கைக்கு வந்த கொறோலா, சன்னி, லான்சர் போன்ற கார்களில் பெரும்பகுதி ஓட்டோ கியர். மெனுவலாக வந்தவற்றில் பல அடிபட்டும் கழன்றும் போய்விட்டன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியது, நல்ல நிலையில் இருந்தவற்றை வைத்திருந்தவர்களும் விற்கவில்லை. சுசுகி அல்ற்றோ மாதிரியான இந்தியக் கார்களில் மெனுவல் தாராளமாகக் கிடைக்கும். அது போதுமென்றால் இவ்வளவு அலைய வேண்டாம். நல்ல செடான் ஒன்று, கம்பனியிலிருந்தே மெனுவலாக வந்தது, பத்து வருடமாவது வைத்து ஓட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கே இந்தக் கட்டுரை.

புதிதாகத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒழுங்கைத் தலைகீழாக வைக்கிறார்கள். முதலில் கியரைப் போட்டுப் பார்க்கிறார்கள், பிறகு எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், முற்பணம் கொடுத்த பிறகு புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, பார்க்கிறார்கள். கியர்பொக்ஸ் பழுதென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னொன்று எடுக்கலாம். எஞ்சினும் அப்படித்தான். உப்புத் தின்ற பொடிக்கும் (காரின் தகர உடம்புக்கும்) சிக்கலான புத்தகத்துக்கும் கடையில் மாற்றுக் கிடையாது. ஆகவே முதலில் புத்தகம், பிறகு பொனற்றுக்குள் இருக்கும் கம்பனித் தகடு, பிறகு பொடி, கடைசியாகத்தான் எஞ்சினும் கியரும்.

எந்தக் கார்

ஒரு மொடலை, மிஞ்சினால் இரண்டை, முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். எது வந்தாலும் பார்ப்போம் என்று போகிறவர் ஒவ்வொரு காரிலும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். ஒரே மொடலில் நாலு காரைப் பார்த்தவருக்கு ஐந்தாவதில் எது சரியில்லை என்று உடனே பிடிபடும்.

கொறோலாவில் 1991இல் வந்த 100 வரிசையும் 1995இல் வந்த 110 வரிசையும் தேடத்தக்கவை. ஈஈ101, ஈஈ111 என்பவை 1331 சி.சி. 4ஈ எஞ்சின் கொண்டவை. ஏஈ100, ஏஈ110 இரண்டும் 1498 சி.சி. 5ஏ எஞ்சின். எல்லாமே ரைமிங் பெல்ற் போட்டவை, ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை பெல்ற் மாற்ற வேண்டும். சன்னியில் 1990இன் பி13, 1994இன் பி14, 1998இன் பி15 என்று மூன்று. சந்தையில் எஃப்.பி 13, எஃப்.பி 14, எஃப்.பி 15 என்று கேட்டால் எல்லாருக்கும் விளங்கும். சன்னி எஞ்சின்களில் பெல்ற்றுக்குப் பதிலாக செயின். ஒயில் ஒழுங்காக மாற்றிய காரில் அது நெடுநாள் நிற்கும், மாற்றாத காரில் காலையில் ஸ்ராட் செய்யும்போது முன்பக்கத்தில் கலகலவென்று கேட்கும். எஃப்.பி 13 எடுப்பதென்றால் எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுப்பது கபிரேற்றரா இன்ஜெக்ஷனா என்று பாருங்கள். அந்த மொடலில் வந்த கபிரேற்றர் மின்னணுக் கட்டுப்பாடு கொண்டது, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் குறைவு. வயர்களைக் கழற்றிவிட்டு அரைகுறையாக ஓட்டிக்கொண்டிருக்கும் கார்கள் நிறைய உண்டு. முடிந்தால் இன்ஜெக்ஷன் எடுங்கள்.

லான்சரில் 1995க்குப் பிந்திய சி.கே வரிசையும் சிவிக்கில் அதே வருடத்து ஈ.கே வரிசையும் ஓட்ட நல்லவை. ஆனால் யாழ்ப்பாணத்தில் சாமான் எடுப்பதை வைத்துப் பார்த்தால் கொறோலாவும் சன்னியும்தான் சுகம். முதல் கார் என்றால் அந்த இரண்டிலும் ஒன்றையே சொல்வோம்.

எங்கே தேடுவது

இக்மன், ரியசெவன போன்ற விளம்பரத் தளங்களில் மெனுவல் என்று தெரிவு செய்து தேடினால் மட்டும் போதாது. விளம்பரம் போடுகிறவர் கியர் விபரத்தைப் பிழையாகக் குறிப்பதும் நிரப்பாமல் விடுவதும் வழக்கம். மொடல் இலக்கத்தை மட்டும் போட்டுத் தேடி, ஒவ்வொரு காரின் உட்பக்கப் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஓட்டோ என்று போட்ட காரில் மூன்று பெடல் தெரிந்தால் உங்களுக்கு முன் அதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

உள்ளூரில் நல்ல கார் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடும். சேவிஸ் நிலையங்களிலும், ரிங்கர் வேலை (தகரம் தட்டித் திருத்துவது) செய்யும் பாஸ்மாரிடமும், பற்றரிக் கடைகளிலும் சொல்லி வையுங்கள். எந்த வீட்டில் எந்தக் கார் படங்கால் மூடிக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கோண்டாவில், கொக்குவில், மானிப்பாய், நெல்லியடிப் பக்கங்களில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஐயா ஓடிய கார் கொட்டிலில் நிற்கும் வீடுகள் பல. அவை குறைந்த தூரம் ஓடிய நல்ல கார்களாக இருக்கும். ஆனால் உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். அந்தச் சிக்கலைப் புத்தகப் பகுதியில் பார்ப்போம்.

சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் விற்கும் கார் மெனுவலாகத்தான் இருக்கும், விலையும் இறங்கி வரும். அதை எடுப்பதென்றால் கிளச், கியர்பொக்ஸ் இரண்டுக்கும் செலவை முதலே ஒதுக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை முதல் கியரில் குலுங்கி எழும்பிய கார் அது. பாடசாலைக் கார் என்பதை மறைத்தால், பக்கத்து ஆசனத்தின் கால் வைக்கும் இடத்தில் கார்பெற்றைத் தூக்குங்கள். இரண்டாவது பிறேக் பெடல் பூட்டிய ஓட்டைகள் அங்கே இருக்கும்.

போனில் கேட்க வேண்டியது

கொழும்பிலோ குருநாகலிலோ நிற்கும் காருக்காக ஏ9 வழியே முந்நூறு, நானூறு கிலோமீற்றர் போய் ஏமாந்து வருவதைவிட, ஐந்து நிமிடம் பேசுவது நல்லது. யாழ்ப்பாணத்துக் காராக இருந்தாலும் இதே கேள்விகள்தான்: "அண்ணை, புத்தகம் உங்கட பேரிலயோ? இல்லையெண்டா ஆற்ற பேரில கிடக்கு? லீசிங் ஒண்டும் இல்லைத்தானே? பொனற்றுக்குள்ள இருக்கிற கம்பனித் தகட்டை ஒருக்காப் படம் எடுத்து அனுப்புவியளோ?"

கேட்டு வாங்க வேண்டிய படங்கள் நாலு: கம்பனித் தகடு, பெடல்கள், புத்தகத்தின் முகப்பு, ரேடியேற்றரின் கீழ்ப்பக்கம். வெளிப்பக்கப் படங்கள் எத்தனை வந்தாலும் அவற்றால் பயனில்லை. தகட்டைப் படம் எடுக்கத் தயங்குகிறவரிடம் போக வேண்டாம்.

தகடு சொல்லும் கதை

புதியவர்கள் பெரும்பாலும் பார்க்காத இடம் இதுதான், ஆனால் கார் மெனுவலாகப் பிறந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் சின்னத் தகடு ஒன்று றிவிற் அடித்திருக்கும். மொடல், சசி (அடிச்சட்ட) இலக்கம், எஞ்சின் வகை, பெயின்ற் நிறம், கியர்பொக்ஸ் வகை எல்லாம் அதில் ஆங்கில எழுத்தில் உண்டு.

கொறோலாவில் மொடல் இலக்கத்துக்குப் பின் ஒரு சிறு கோடும், கோட்டுக்குப் பின் ஐந்து எழுத்து அளவிலும் இருக்கும். அதில் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் ஐந்து கியர் மெனுவல். பி (P) என்றால் நாலு கியர் ஓட்டோ, எச் என்றால் மூன்று கியர் ஓட்டோ. தகட்டின் அடியில் கியர்பொக்ஸ் வரியும் உண்டு. அது சி50, சி150 என்று சியில் தொடங்கினால் மெனுவல், ஏ131, ஏ240, ஏ245 என்று ஏயில் தொடங்கினால் ஓட்டோ.

சன்னியில் கியர்பொக்ஸ் வரி ஆர்எஸ்5எஃப் என்று தொடங்கினால் ஐந்து கியர் மெனுவல், ஆர்எல்4எஃப் என்று தொடங்கினால் நாலு கியர் ஓட்டோ. மிற்சுபிசியில் இன்னும் இலகு. எஃப்5எம் என்றிருந்தால் முன்சக்கர இழுவை, ஐந்து கியர், மெனுவல். எஃப்4ஏ என்றால் ஓட்டோ.

தகட்டில் உள்ள சசி இலக்கமும் தகரச் சுவரில் நேராக அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். றிவிற்றுகளையும் பாருங்கள். புதுசாக மினுங்கினாலோ, றிவிற்றுக்குப் பதில் ஸ்குறூ இருந்தாலோ தகடு வேறு காரிலிருந்து வந்தது. அடித்த இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் கோடோ, கூடுதலான பெயின்ற்றோ, சமனில்லாத எழுத்தோ இருந்தால் பொனற்றை மூடிவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு வாருங்கள். அந்தக் காரை எந்த விலைக்கும் எடுக்கக் கூடாது.

தகடு ஓட்டோ என்று சொல்ல, காரில் மூன்று பெடல் இருந்தால் அது மாற்றிய கார். ஓட்டோ கியர்பொக்ஸ் பழுதாகி, மாற்றுப் பொக்ஸ் விலை கூடவாக இருக்க, அடிபட்ட காரொன்றின் மெனுவல் பொக்ஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஒழுங்காகச் செய்திருந்தால் அதுவும் ஓடும். பெடல் கட்டமைப்பு, கிளச் மாஸ்ரர் அல்லது கேபிள், இரண்டு பக்க டிரைவ் ஷாவ்ற், கியர்பொக்ஸ் மவுன்ற், எஞ்சின் கொம்பியூட்டர் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒரே மெனுவல் காரிலிருந்து எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் கொம்பியூட்டர் பெட்டியையும் வயரிங்கையும் விட்டுவிடுவார்கள். அதனால் ஐடில் சீராக நில்லாது, ரிவர்ஸ் லைட் எரியாது, வேகமானி வேலை செய்யாது.

மாற்றிய காரைத் தகடு இல்லாமலும் பிடிக்கலாம். ரேடியேற்றரின் கீழ்த் தொட்டியில் ஓட்டோ கியர் ஒயிலைக் குளிராக்கும் இரண்டு குழாய் முனைகள் அடைபட்டுக் கிடக்கும். மீற்றர் பலகையில் பி, ஆர், என், டி எழுத்துகளின் அடையாளம் தெரியும். பிறேக் பெடல் அகலமாக இருக்கும், அல்லது அகலமாக இருந்ததை வெட்டிய தடயம் இருக்கும். கிளச் பெடல் பூட்டிய இடத்தில் கையால் இழுத்த வெல்டிங் இருக்கும். பெடலுக்குக் கீழே தலையை விட்டு ரோச் அடித்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம். மாற்றிய கார் என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் யோசிக்கலாம். அசல் என்று சொல்லி விற்பவரிடம் மற்ற எதையும் நம்ப முடியாது.

புத்தகம்

யாழ்ப்பாணத்தில் நிற்கும் 90களின் ஜப்பான் கார்களில் கனக்க 2009இல் ஏ9 திறந்த பிறகு தெற்கிலிருந்து வந்தவை. மூன்று நாலு கை மாறியிருக்கும், புத்தகம் இன்னும் நுகேகொடையிலோ நீர்கொழும்பிலோ இருக்கும் முதல் ஆளின் பெயரிலேயே இருக்கும். இடையில் வாங்கியவர்கள் பெயர் மாற்றாமல், கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவங்களைக் கைமாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். இதைத்தான் ஓப்பின் பேப்பர் என்கிறார்கள். முதல் ஆள் இறந்தாலோ, அடையாள அட்டை மாறினாலோ, கையெழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே பதிவுச் சான்றிதழின் அசலைக் கையில் வாங்கி, பதிந்த உரிமையாளர் உங்கள் முன்னால் நிற்கும் ஆள்தானா என்று அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததென்ற கடிதமும் அந்தப் பெயர் நீக்கிய சான்றிதழும் வராமல் காசு கொடுக்காதீர்கள். சசி இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் பிளொக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சின் மாற்றி, அதைப் பதியாமல் விட்ட கார்கள் மெத்த. நிறம் மாற்றியதும் அப்படியே. இவற்றைப் பதிவது முடியாத காரியம் இல்லை, ஆனால் அந்த அலைச்சலை விற்பவர்தான் முடித்துத் தர வேண்டும்.

உரிமையாளர் வெளிநாட்டில் என்றால், இங்கே கையெழுத்து வைக்கிறவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும். அது இலங்கையில் பதிந்ததாகவும், வாகனத்தை விற்கும் அதிகாரம் அதில் எழுதியதாகவும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். காணிக்காக எழுதிய அற்றோணியைக் காட்டிக் கார் விற்க வருகிறவர்களும் உண்டு. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளின் பத்திரங்கள் முடியும்வரை காத்திருங்கள். காரின் மேல் ஆசை வந்துவிட்ட நேரத்தில் இது கடினம்தான், ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கொட்டிலில் வருடக்கணக்காக நின்ற காருக்கு வாகன வரிப்பத்திரம் எடுக்காமல் விட்டிருப்பார்கள். நிலுவையும் தண்டமும் எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

உப்பும் தண்ணீரும்

குடாநாட்டைச் சுற்றி உப்புக் காற்று. தீவகத்திலும், காரைநகரிலும், பருத்தித்துறைக் கரையிலும் நின்ற காரை மற்றதைவிட இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். பண்ணை, பொன்னாலைப் பாலங்களால் தினமும் போய்வந்த காருக்கு அடிப்பாகத்தில்தான் கேடு. காரைத் தூக்கிப் பார்க்கும் வசதியுள்ள சேவிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். விற்பவர் மறுத்தால் காரணம் கீழே இருக்கிறது.

ஜக் வைக்கும் விளிம்பு, கதவுக்குக் கீழ்ப்பெட்டி, பின்சக்கர வளைவின் உட்பக்கம், டிக்கியில் ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழி, முன்பக்க ஷொக் அப்சோபர் மேலே பூட்டும் கோபுரம், பிறேக் ஒயில் குழாய்கள் ஆகியவற்றை ஒன்றும் விடாமல் பாருங்கள். ஸ்குறூ டிறைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், புட்டி பூசிய இடம் மந்தமாக ஒலிக்கும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். புட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது. கதவுக்குக் கீழ்ப்பெட்டியில் துரு என்றால் வெட்டி ஒட்டலாம். ஷொக் கோபுரத்திலோ, எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலோ துளை விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் நின்ற காரையும் கவனியுங்கள். ஆசனப் பட்டியை முழுதாக இழுத்துப் பாருங்கள், உருளைக்குள் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். கார்பெற்றுக்குக் கீழே மண், ஆசன நட்டுகளில் துரு, உள்ளே பினைல் மணம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இனித் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. அதைத்தான் பெரும்பாலானோர் ரேடியேற்றருக்கு ஊற்றுகிறார்கள். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கேத்திலின் அடியில் படிவது மாதிரி வெள்ளைப் படிவு இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களிலும் அது அடைத்திருக்கும். அந்தக் கார் டவுனுக்குள் மத்தியான வெயிலில் ஊரும்போது சூடேறும். பல தடவை சூடேறியிருந்தால் எஞ்சின் தலைக்கும் பிளொக்குக்கும் இடையில் உள்ள ஹெட் கஸ்கற்றிலும் கேடு இருக்கலாம். ஒயில் மூடியின் அடியில் கலங்கிய வெளிர் மண்ணிறப் பசை, மூடி திறந்தபடி எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றரில் விடாமல் குமிழி, காரணமில்லாமல் குறையும் தண்ணீர் இவை அதற்கு அடையாளம். சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கொம்பிரஷன் மானி உள்ள மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையில் 15 பி.எஸ்.ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

கிளச்சும் கியரும்

விற்பவருக்கு முதலே சொல்லி வையுங்கள்: நாங்கள் வரும்வரை ஸ்ராட் செய்ய வேண்டாம். போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்ராட்டில் தெரியும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள்.

எஞ்சினை ஓடவிட்டு, நியூற்றலில், கிளச்சில் கால் வைக்காமல் கேளுங்கள். உறுமுகிற சத்தம் ஒன்று கேட்டு, கிளச்சை மிதித்ததும் நின்றால் அது கியர்பொக்ஸின் உள்ளீட்டு ஷாவ்ற் பெயறிங். பொக்ஸைக் கழற்றிப் பிரிக்க வேண்டிய வேலை. கிளச்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் அது ரிலீஸ் பெயறிங். சாமான் விலை குறைவு, ஆனால் அதற்கும் பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆகவே கிளச் பிளேற், பிறஷர் பிளேற், ரிலீஸ் பெயறிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே கணக்கு.

கிளச்சை முழுதாக மிதித்து, மூன்று செக்கன் பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். பொறுத்த பிறகும் கரகரத்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் கிளச் என்றால் இழுவையைச் சரிசெய்து பார்க்கலாம். ஹைட்ரோலிக் என்றால் பெடலுக்கு மேலேயும் கியர்பொக்ஸ் பக்கத்துச் சின்ன சிலிண்டரிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் சீல் போயிருக்கும், சின்னச் செலவு.

கிளச் வழுக்குகிறதா என்று பார்க்க ஏற்றத்தில் ஓட்டச் சொல்வார்கள். குடாநாட்டில் ஏற்றம் ஏது? அதற்கு வேறு வழி இருக்கிறது. கைப்பிறேக்கை இறுக்கி இழுத்து, கால் பிறேக்கையும் மிதித்து, நாலாம் கியரில் போட்டுக் கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து ஓடினால் பிளேற் தேய்ந்துவிட்டது. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். தெருவில் மணிக்கு 40 கிலோமீற்றரில், நாலாம் கியரில், அக்சிலேற்றரை முழுதாக அமத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டாலும் அதே முடிவு. கைப்பிறேக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்: இழுத்துவிட்டு முதல் கியரில் மெதுவாகக் கிளச்சை விட்டால் கார் நகரக் கூடாது. ஏற்றமில்லாத ஊரில் கைப்பிறேக் செத்தது வருடக்கணக்காகத் தெரியாமலே கிடக்கும்.

கியர்பொக்ஸுக்குள் முதலில் தேய்வது இரண்டாம் கியரின் சிங்குறோ வளையம், அதாவது கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம். மூன்றாம் கியரில் 40 அளவில் வந்து இரண்டுக்கு இறக்குங்கள். தடையோ கரகரப்போ இருந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது. பொக்ஸ் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, இருபது நிமிடம் ஓடிய பிறகு ஒரு தடவை பாருங்கள். குளிரில் மட்டும் இறுகி, சூட்டில் இலகுவானால் ஒயில் மாற்றினாலே சரியாகலாம். சூட்டிலும் கரகரத்தால் பொக்ஸைத் திறக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கியரிலும் வேகத்தைக் கூட்டி, அக்சிலேற்றரைச் சட்டென்று விடுங்கள். அப்போது கியர் தானாக நியூற்றலுக்குத் துள்ளி வரக் கூடாது. இரண்டிலும் ஐந்திலும் இது கூடுதலாக நடக்கும். துள்ளும் பொக்ஸைத் திருத்துவதைவிட வேறு பொக்ஸ் எடுப்பது மலிவு.

கியர் தடி சட்டியில் கரண்டி ஆடுவதுபோல் ஆடுகிறதென்று பயந்து நல்ல காரை விட்டுவிட வேண்டாம். அடியில் இருக்கும் இணைப்பின் புஷ் தேய்ந்தால் அப்படி ஆடும், அரை நாள் வேலை.

வெறும் தெருவொன்றில் ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முதல் கியரில் வட்டமாக ஓட்டுங்கள். டிக் டிக் என்று கேட்டால் முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாவ்ற்றின் மூட்டான சி.வி. ஜொயின்ற் போயிருக்கிறது. பிறகு கண்டி வீதியில் சாவகச்சேரி, கொடிகாமம் வரை போய் வாருங்கள். ஐந்தாம் கியரில் சட்டம் விடும் 70இல் பொக்ஸ் ஊளையிடுகிறதா, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்து பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலில் பத்து நிமிடம் ஊருங்கள். வெப்பமானி நடுவில் நிற்க வேண்டும், விசிறி தானாகப் போட்டு நிற்க வேண்டும்.

விலையும் பெயர் மாற்றமும்

கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சாமான் விலையும் கூலியும் மெக்கானிக்கிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு பேசுங்கள். "கொஞ்சம் குறையுங்கோ" என்பதற்கு யாரும் குறைக்க மாட்டார்கள். கிளச் செற்றுக்கு இவ்வளவு, ரேடியேற்றருக்கு இவ்வளவு என்று சொன்னால் பேச்சு நடக்கும். அசல் மெனுவல், நல்ல பொடி, உரிமையாளர் பெயரிலேயே புத்தகம் என்று மூன்றும் சேர்ந்த கார் என்றால் அதிகம் இழுக்காமல் எடுத்துவிடுங்கள். அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தரகருக்கு யார், எவ்வளவு கொடுப்பது என்பதைக் கார் பார்க்க முன்பே பேசி வையுங்கள்.

முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போது சசி இலக்கம், எஞ்சின் இலக்கம், முழு விலை, கொடுத்த தொகை, புத்தகம் தரும் திகதி எல்லாம் இருக்கட்டும். உரிமை மாற்றத்துக்கு இரண்டு படிவம்: வாங்குபவருக்கு எம்.ரி.ஏ 6, விற்பவர் அறிவிப்பதற்கு எம்.ரி.ஏ 8. இரண்டிலும் பெயர், திகதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து வைக்க வேண்டும். பதிந்த உரிமையாளர் இருக்கும்போதே மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எந்தெந்தப் பிரதிகள் வேண்டுமென்று கேட்டு, அந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். வரிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. ஆகக் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது உங்கள் பெயரில் வந்த பிறகு காரைத் தெருவில் இறக்குங்கள்.

வாங்கிய முதல் கிழமை

ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியதென்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றுங்கள். பெல்ற் இறக்கும்போது இழுவை உருளையையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துப் பாருங்கள். பிறேக் ஒயில் கறுத்திருந்தால் முழுதாக வடித்து மாற்றுங்கள், கிளச் ஹைட்ரோலிக் என்றால் அதையும். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, கூலன்ற்றையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் கலந்து ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் இனிமேல் வேண்டாம்.

கியர் ஒயில் 75டபிள்யூ-90, ஜி.எல்-4 தரம். கொறோலாவுக்கு 2 லீற்றருக்குச் சற்றுக் குறைய, சன்னிக்கு 3 லீற்றர் அளவில் பிடிக்கும். லொறிகளின் டிஃபரென்ஷலுக்கு ஊற்றும் தடித்த ஜி.எல்-5 ஒயிலைக் கடைக்காரர் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளைச் சிங்குறோ வளையங்களுக்குக் கூடாது, கியரும் இறுகும். முதலில் ஒயில் நிரப்பும் நட்டைக் கழற்றிப் பார்த்த பிறகே வடிக்கும் நட்டில் கை வையுங்கள். நிரப்பும் நட்டு இறுகிக் கழலாவிட்டால், ஒயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். வடிக்கும் நட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது வழமை. பல்லுத் துண்டோ மஞ்சள் நிறத் துகளோ வந்தால் அதை ஒரு போத்தலில் எடுத்து வையுங்கள், பொக்ஸைத் திறக்கும் பாஸுக்கு அது உதவும்.

கிளச் பிளேற் வாங்கப் போகும்போது மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் பழைய பிளேற்றைக் கையில் கொண்டுபோங்கள். விட்டமும் நடுத் துளையின் பல் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். ஒரே மொடலிலேயே எஞ்சினுக்கு எஞ்சின் இவை மாறும், மாற்றிய கார் என்றால் எஞ்சின் ஒன்றினது, பொக்ஸ் இன்னொன்றினது என்றும் இருக்கலாம். பொக்ஸை இறக்கிய அன்றே பின்பக்கக் கிறாங்க் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். அது கசிந்தால் புதுப் பிளேற்றில் ஒயில் பட்டு, சில மாதத்தில் மறுபடியும் பொக்ஸை இறக்க வேண்டிவரும்.